நோய் என்று சொல்வது யார்?

சாதிக் கொலை ஒன்றைக் கண்டித்துத் துண்டறிக்கை எழுத உட்கார்ந்திருந்தோம். முதல் வரியை நண்பர் ஒருவர் சொன்னார்: "சாதி ஒரு சமூக நோய்." எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கு மட்டும் நெருடல். நோய் வந்தவன் பாதிக்கப்பட்டவன், குற்றவாளி இல்லை. அப்படின்னா அரிவாளை எடுத்தவன் நோயாளியா? அன்றைக்குத் தோழர்களிடம் சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

சமூக நோய்மை என்கிற கருத்தாக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சமூகத்தை ஓர் உடலாக உருவகித்ததிலிருந்து கிளைத்தது. சமூகம் உடல் என்றால் சமூகவியலாளர் மருத்துவர். 1895இல் எமில் துர்கைம், சமூகவியலின் முறையியல் விதிகளை வகுத்த நூலில், இயல்பையும் நோயையும் பிரிக்க ஓர் அளவுகோல் தந்தார். ஒரு வகைச் சமூகத்தில், அதன் வளர்ச்சியின் ஒரு கட்டத்தில், எது பரவலாக இருக்கிறதோ அது இயல்பு. குற்றம் இல்லாத சமூகம் இல்லை. ஆகவே குற்றமும் ஓர் அளவுவரை இயல்புதான் என்றார்.

இந்த அளவுகோலை நம்மூர் டீக்கடையில் வைத்துப் பாருங்கள். பரவலாக இருப்பதே இயல்பு என்றால் இரட்டைக் குவளை இயல்பு. அதில் குடிக்க மாட்டேன் என்றவன் பிறழ்ந்தவன். துர்கைம் இதை யோசிக்காதவர் அல்ல. சூழல் மாறிய பிறகும் வெறும் பழக்கத்தால் தொடர்வது நோயாக இருக்கலாம் என்று திருத்தமும் வைத்தார். ஆனால் சூழல் மாறிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வது யார்? அதே மருத்துவர்தான்.

மருத்துவர்களின் கதை ஒன்றும் நல்லதாக இல்லை. 1851இல் அமெரிக்கத் தென்மாநில மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பி ஓடுவதை 'டிராப்பிட்டோமேனியா' என்ற மனநோயாக அறிவித்தார். முறைத்துக்கொண்டு திரிகிறவனுக்குச் சாட்டையடி. அதுதான் தடுப்பு மருந்து. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறையாகி, பிறப்பையே குற்றக்கூறாக்கியது. கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களை 1920இல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். ஒருபாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல்தான். அதற்கு முந்தின நாள்வரை நோயாளிகளாக இருந்தவர்களின் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. மாறியது பட்டியல்.

1943இல் சி. ரைட் மில்ஸ் அமெரிக்கச் சமூக நோய்மைப் பாடநூல்களைப் பிரித்துப் போட்டார். அவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சிற்றூர்ப் பின்னணி கொண்டவர்கள். தங்கள் ஊர் ஒழுக்கத்தையே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவராதவர்களைப் 'பொருந்தாதவர்கள்' ஆக்கினார்கள். தனிமனிதரைத் திருத்துவது பற்றிப் பேசினார்கள். அமைப்பு பற்றிப் பேச்சே இல்லை.

அப்படியானால் இந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிடலாமா? பிரான்ஸ் ஃபனோன் தடுக்கிறார். அல்ஜீரியர்கள் பிறவிக் குற்றவாளிகள் என்று அங்கிருந்த காலனிய உளமருத்துவம் சொல்லிக்கொண்டிருந்தது. 1953இல் பிளிடா மருத்துவமனையில் சேர்ந்த ஃபனோன், சிதைந்த மனங்களுக்குப் பின்னால் காலனியத்தையே கண்டார். ஒருவனை அவன் மண்ணிலேயே அந்நியனாக்கும் அமைப்புக்குள் அவனைக் குணப்படுத்தி என்ன செய்வது? 1956இல் வேலையை விட்டார். நோய் என்ற சொல் இங்கே திசை திரும்புகிறது: அடிபட்டவனிலிருந்து அடிக்கும் அமைப்பை நோக்கி.

ஃபனோனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தத் திருப்பத்தைத்தான். ஆனால் அமைப்பை நோய் என்னும்போதும் ஓர் ஆபத்து உண்டு. நோய்க்கு முகவரி கிடையாது, சாதிக்கு உண்டு. அதற்கு நிலம் இருக்கிறது, கோயில் முதல்மரியாதை இருக்கிறது, ஓட்டுக் கணக்கு இருக்கிறது. லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நோயால் லாபம் அடைந்த நோயாளியை யாராவது பார்த்ததுண்டா?

துண்டறிக்கை அந்த முதல் வரியோடுதான் அச்சாகிப் போனது. நானும்தான் விநியோகித்தேன். அடுத்ததற்கு உட்காரும்போது, நோயின் பெயருக்கு முன்னால் கொன்றவர்களின் பெயர்களை எழுதச் சொல்லி வாதாடுவேன்.