மருந்து விலையும் வணிகர் நாணயமும்

நமது சங்க இதழில் அரிசி, பருப்பு, எண்ணெய் விலை நிலவரமும் வரி விவரங்களும் வருவதே வழக்கம். மருந்து விலையைப் பற்றி மளிகை வியாபாரிக்கு என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். கவலைப்பட இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது நமது பற்று நோட்டு. ஆரணியில் பட்டுச் சேலை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நெசவாளியும், அரிசி ஆலையில் வாரக்கூலி வாங்கும் தொழிலாளியும் மாதச் சாமான் எடுப்பது பெரும்பாலும் கடனில்தான். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு என்று வந்துவிட்டால் கூலிப் பணம் முதலில் மருந்துக் கடைக்குப் போகிறது. மிச்சம்தான் மளிகைக் கடைக்கு வருகிறது. மருந்து விலை ஏறினால் நம் பாக்கி வசூல் இறங்கும்.

இரண்டாவது நமது பெயர். எவரோ ஒருவர் எங்கோ அநியாய விலை வைத்தாலும், "வியாபாரிகளே இப்படித்தான்" என்று மக்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எந்த லாபத்தை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், எதைப் பொறுப்பதில்லை என்பதை மருந்துத் தொழிலில் நடந்தவை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன.

அமெரிக்காவில் நடந்தது

2015ஆம் ஆண்டு மார்ட்டின் ஷ்க்ரெலி என்ற 32 வயதுக்காரரின் டூரிங் என்னும் கம்பெனி, டாராபிரிம் என்ற மாத்திரையை விற்கும் உரிமையை வாங்கியது. எய்ட்ஸ் நோயாளிகள் போன்று எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி நோய்க்கான மருந்து அது. 60 ஆண்டுகளுக்கு மேல் பழையது. காப்புரிமையும் எப்போதோ முடிந்துவிட்டது. 13.50 டாலருக்கு விற்ற ஒரு மாத்திரையை அவர் ஒரே நாளில் 750 டாலர் ஆக்கினார். நாடே கொதித்தது. பத்திரிகைகள் அவரை அமெரிக்காவிலேயே அதிகம் வெறுக்கப்படும் மனிதர் என்று எழுதின. 2016 பிப்ரவரியில் நாடாளுமன்றக் குழு அழைத்துக் கேட்டபோது பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

அவர் பின்னர் சிறை சென்றதும் உண்மையே. ஆனால் விலை ஏற்றியதற்காக அல்ல. முன்பு நடத்திய நிதி நிறுவனங்களில் முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2018இல் 7 ஆண்டு தண்டனை கிடைத்தது. 2022இல் வெளியே வந்தார். விலையை உயர்த்தியது மட்டும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகவில்லை. மருந்து விவகாரத்தில் நீதிமன்றம் 2022 ஜனவரியில் வேறொரு குற்றத்தைக் கண்டது. மற்றவர்கள் அதே மருந்தைத் தயாரித்துச் சந்தைக்கு வராதபடி அவர் வழியை அடைத்தார் என்பதே அது. அதற்காக 6 கோடியே 46 லட்சம் டாலர் கட்டவும், வாழ்நாள் முழுவதும் மருந்துத் தொழிலில் ஈடுபடாதிருக்கவும் உத்தரவாயிற்று.

நம் பஜாரில் ஒருவர் துவரம் பருப்புக்கு இரட்டை விலை சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விலை தானாக இறங்கும். அன்று டாராபிரிம் வாங்கியவருக்கு அடுத்த கடை இருக்கவில்லை. வாங்காமல் இருக்கவும் முடியாது. எழுதிக் கொடுப்பவர் டாக்டர், சாப்பிடுபவர் நோயாளி, பணம் கொடுப்பவர் வீட்டார். இந்த மூவரில் விலை பேசக் கூடியவர் யாருமில்லை.

நம் நாட்டுச் சட்டம்

சுதந்திரம் வந்த புதிதில் நம் நாட்டிலும் மருந்து விலை மிக அதிகமாகவே இருந்தது. வெள்ளையர் காலத்துக் காப்புரிமைச் சட்டம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கே சாதகமாக இருந்ததே காரணம். அதை ஆராய்ந்த நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அறிக்கை கொடுத்தார். அதன் அடிப்படையில் 1970இல் புதிய சட்டம் வந்து, 1972இல் அமலாயிற்று. மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை, மருந்துக்கே கிடையாது என்றது அது. நம் தொழிலில் சொன்னால், மிளகாய்ப் பொடி அரைக்கும் ஒரு தனி முறைக்கு உரிமை கேட்கலாம். மிளகாய்ப் பொடியே எனக்குத்தான் சொந்தம் என்று கேட்க முடியாது. இதனால் ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் வேறு வேறு முறையில் தயாரித்தன. விலை இறங்கியது. உலக வர்த்தக ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே காப்புரிமை தரும் வழக்கம் திரும்பி வந்தது. எனினும் சில பாதுகாப்புகளை நம் சட்டம் விடாமல் வைத்துக்கொண்டது.

கொள்ளையரா, கொடையாளியா?

பழைய சட்டத்தின் பலனை உலகத்துக்குக் காட்டியவர் சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீது. எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துச் சேர்க்கைக்கு ஓர் ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர் வரை வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்கிய காலம் அது. 2001 பிப்ரவரியில் ஹமீது, எல்லையற்ற மருத்துவர்கள் என்ற சேவை அமைப்புக்கு 350 டாலருக்கும், அரசாங்கங்களுக்கு 600 டாலருக்கும் தருவதாக அறிவித்தார். 350 டாலர் என்பது அன்றைய மதிப்பில் சுமார் 16,000 ரூபாய். ஆளுக்கேற்ற விலை வைப்பது மொத்த வியாபாரிகளாகிய நமக்குப் புதிதல்ல. ஆனால் உலகம் அதிர்ந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் அவரை அடுத்தவர் கண்டுபிடிப்பைத் திருடும் கொள்ளையர் என்றன. ஆப்பிரிக்காவின் ஏழை நோயாளிகளுக்கோ அவர் உயிர் காத்தவர்.

அதே சிப்லாவின் மீது, உள்நாட்டில் கட்டுப்பாட்டு விலைக்கு மேல் வாங்கியதாக அரசாங்கம் நோட்டீஸ் அனுப்பி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் உண்டு. ஒரு துறையில் புகழ் பெற்றவர் எல்லாக் கணக்கிலும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

புதிய சட்டத்துக்கான முதல் பெரிய சோதனை நமது சென்னையிலேயே நடந்தது. நோவார்டிஸ் கம்பெனியின் கிளிவெக் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். உள்நாட்டுத் தயாரிப்பு 8,000 முதல் 10,000 ரூபாய். பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து மறுபடி காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவை எதிர்த்து அக்கம்பெனி தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரித்தது.

அடுத்தது பேயர் கம்பெனியின் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்து. இதன் மாதச் செலவு சுமார் 2,80,000 ரூபாய். 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டு அதிகாரி, ஹைதராபாத் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்து, 8,880 ரூபாய்க்கு விற்கச் சொன்னார். பேயருக்கு விற்பனையில் 6 சதவீதம் உரிமைத் தொகை. அது பின்னர் 7 சதவீதம் ஆயிற்று. பேயரின் தலைவர் மரைன் டெக்கர்ஸ் 2013 டிசம்பரில் ஒரு கூட்டத்தில், இந்த மருந்தை இந்தியச் சந்தைக்காக நாங்கள் உருவாக்கவில்லை, வாங்க வசதியுள்ள மேலை நாட்டவர்களுக்காகவே உருவாக்கினோம் என்ற பொருளில் பேசினார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. தாம் நினைத்த பொருளில் அது வெளிவரவில்லை என்று பின்னர் வருந்தினார். 2,80,000 ரூபாயைவிட அந்த ஒரு வாக்கியமே மக்கள் மனத்தில் நின்றது.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய மருந்து கண்டுபிடிக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவாகின்றன. முயற்சிகளில் பெரும்பாலானவை தோற்கின்றன. போட்ட முதல் திரும்பாவிட்டால் யாரும் ஆராய்ச்சியில் இறங்க மாட்டார்கள். ஷ்க்ரெலியையும் டெக்கர்ஸையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. பேயர் ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட கம்பெனி. ஷ்க்ரெலி வாங்கி விலை ஏற்றியவர் மட்டுமே.

அட்டையில் அச்சிட்ட விலை

2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைக்கிறது. சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையோடு சில்லறை வியாபாரிக்கு 16 சதவீதம் சேர்ப்பது கணக்கு. பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆனால் அவற்றின் முதல் விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். அச்சிட்ட விலைக்கும் அடக்க விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி வருவது இப்படித்தான். 2017 பிப்ரவரியில் இருதய ஸ்டென்ட்டுகளுக்கு உச்ச விலை வைத்தபோது, சராசரியாகச் சுமார் 1,21,000 ரூபாய்க்கு விற்ற மருந்து தடவிய வகை 29,600 ரூபாய்க்கு இறங்கியது. நடுவில் இருந்த லாபம் எவ்வளவு என்று அன்றுதான் மக்களுக்குத் தெரிந்தது.

நம் வாடிக்கையாளர்கள் கேட்டால் நாம் சொல்லக் கூடியது இது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அதே மூலப்பெயருள்ள மருந்து குறைந்த விலைக்கு உண்டு. டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

நமக்கு வரும் சோதனை

ஷ்க்ரெலியின் பெயர் உலகெங்கும் அடிபட்ட அதே 2015இன் டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் பால் பாக்கெட் 100 ரூபாய் வரை விற்றதாகச் செய்தி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது முகக் கவசமும் கை கழுவும் திரவமும் எட்டாத விலைக்குப் போயின. மத்திய அரசு இரண்டையும் அத்தியாவசியப் பொருள் ஆக்கி, மூன்றடுக்குக் கவசம் 10 ரூபாய், 200 மில்லி திரவம் 100 ரூபாய் என்று வரம்பு வைத்தது. அந்தச் சில நாட்களுக்கு, கடைக்கு வந்தவருக்கு அடுத்த கடை இல்லை. நோயாளி மருந்துக்கு நிற்கும் நிலையில் அவர் நம் முன் நின்றார்.

மக்கள் லாபத்தை வெறுப்பதில்லை. தீபாவளிக்கு மைதாவும் நெய்யும் இரண்டு ரூபாய் கூடுதலானால் யாரும் சாபமிடுவதில்லை. தவித்த வாய்க்குத் தண்ணீரை விலை பேசுவதைத்தான் அவர்கள் பொறுப்பதில்லை. பல ஆண்டு கழிந்தாலும் மறப்பதுமில்லை. ஆகவே வெள்ளம், புயல், நோய், ஊரடங்கு என்று தட்டுப்பாடு வரும் நாட்களில், கொள்முதல் பில்லின் மேல் வழக்கமான லாபம் மட்டுமே வைப்பது என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். கொள்முதல் விலையே ஏறியிருந்தால் பில்லைக் காட்டிச் சொல்லலாம். அன்றைய விலைப் பட்டியலைக் கடை வாசலில் எழுதி வைக்கும்படி சங்கமே கேட்டுக்கொள்ளலாம். அரசாங்கம் வந்து வரம்பு வைப்பதற்கு முன் நாமே வரம்பு வைத்துக்கொள்வது, நம் கல்லாவுக்கும் நல்லது, நம் பெயருக்கும் நல்லது.