கருவகமும் பயனர் நிரல்களும் தகவல் பரிமாறும் முறைகள்

மும்பையில், 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பெற்ற சீத்தா கேம்ப்புக்கு அண்மையில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அங்கு அமைக்கப்பட்ட ‘அனுபம்’ வரிசைக் கணிப்பொறிகளுள் பிற்காலத்தவை லினக்ஸ் இயக்கமுறையைக் கொண்டவை. நிலையத்தின் மதிலுக்குள் வெளியார் விருப்பம்போல் புகவியலாது; எதனையும் வாயிலில் ஒப்படைத்தே அனுப்புதல் வேண்டும். லினக்ஸுக்குள்ளும் அத்தகைய மதில் ஒன்று உண்டு. உட்புறம் இருப்பது கெர்னல் எனப்படும் கருவகம். வெளிப்புறம் இருப்பவை நாம் ஓட்டும் பயனர் நிரல்கள்.

நினைவகம், வட்டு, வலையட்டை ஆகியவற்றை நேரே ஆளும் உரிமை கருவகத்திற்கே உரியது. நிரல் ஒன்று கோப்பைப் படிக்க விரும்பினால், தன் நினைவகத்தில் ஓரிடத்தின் முகவரியைக் குறித்து ‘ரீட்’ என்னும் அமைப்பு அழைப்பை விடுக்கின்றது. உடனே செயலி கருவக நிலைக்கு மாறுகின்றது; கருவகம் தகவலை அவ்விடத்தில் நகலெடுத்து வைக்கின்றது. அதற்குமுன் அம்முகவரி பயனர் பகுதியைச் சேர்ந்ததுதானா என்று பார்த்தாக வேண்டும். பாராவிடில் விளைவது யாது என்பதை 2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.13 காட்டிற்று. ‘வெயிட்ஐடி’ என்னும் அழைப்பில் இச்சோதனை விடுபட்டுப் போயிற்று. சாதாரண நிரல் ஒன்று உட்புற முகவரியைக் கொடுத்து, கருவகத்தைக் கொண்டே கருவகத்தின்மேல் எழுதுவிக்கும் வழி திறந்துவிட்டது. திருத்தம் சில வரிகளே. அவ்வாண்டு அக்டோபரில் அது சேர்க்கப்பட்டது.

மாணவர்க்கு எளிதிற் காட்டத்தக்கது ‘ப்ராக்’ என்னும் அடைவாகும். சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ முதலிய லினக்ஸ் வகைகளில், அவ்வடைவிலுள்ள ‘மெம்இன்ஃபோ’ கோப்பைத் திறந்தால் நினைவகக் கணக்கு தெரியும். அக்கோப்பு வட்டில் எங்கும் இல்லை; படிக்கும் கணத்தில் கருவகம் எழுதித் தருவதே அது. வலையமைப்பு மாறுதல்களைக் கருவகம் தானே முன்வந்து அறிவிக்க ‘நெட்லிங்க்’ உதவுகின்றது. ‘ஐஆக்டில்’ என்னும் அழைப்போ, சாதன இயக்கி ஒவ்வொன்றும் தனக்கெனக் கட்டளை எண்களை வகுத்துக்கொள்ள இடந்தருவது. எழுதுவோர்க்கு வசதி, பின்னர் பராமரிப்போர்க்குத் தலைவலி.

தகவல் பெருகுமிடத்து, ஒவ்வொரு முறையும் மதிலைக் கடப்பதும் நகலெடுப்பதும் காலத்தை விழுங்கும். 2018இல் வெளிப்பட்ட ‘மெல்ட்டவுன்’ குறைபாட்டுக்குச் செய்த பரிகாரத்தால், பல செயலிகளில் இச்செலவு மேலும் கூடிற்று. ஆகவே ‘எம்மேப்’ வாயிலாக நினைவகத்தின் ஒரு பகுதியை இருபுறத்தார்க்கும் பொதுவாக்குதல் உண்டு. 2019இல் லினக்ஸ் 5.1 உடன் வந்த ‘ஐஓ யூரிங்’ இவ்வகையினது. நிரல் தன் வேண்டுகோள்களைப் பொது வளையம் ஒன்றில் வரிசையாக இடுகின்றது. கருவகம் மற்றொரு வளையத்தில் விடைகளை இடுகின்றது. பல வேண்டுகோள்களுக்கு ஓர் அழைப்பே போதும். ஆனால் கருவகம் சோதித்த பின்னும், பயன்படுத்துமுன், நிரல் தன் வேண்டுகோளை மாற்றி எழுதிவிடக்கூடும். எனவே பொது இடத்திலுள்ள எண்ணைக் கருவகம் ஒரே முறை தன்பால் நகலெடுத்து, அந்நகலையே சோதித்து, அந்நகலையே பயன்படுத்த வேண்டியிருக்கின்றது.