பட்டமின்றிக் கணினித் தொழில்: கேரள எல்லைத் தமிழ் இளைஞருக்கு

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் முதலிய வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அங்கு வாழும் தமிழ் மக்களின் பிள்ளைகளுக்கென இன்றும் தமிழ்வழிப் பள்ளிகள் நடைபெற்று வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பைத் தேறிய மகனோ மகளோ, கல்லூரியில் மூன்று நான்கு ஆண்டு பயிலும் வசதியின்றிக் கணினித் துறையில் அமர இயலுமா என்னும் கேள்வி அவ்வில்லங்களில் எழுவது இயல்பே. அதனையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இக்கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயம் தோட்டத்திற்கு உரியது. வேலையில் இருக்கும்வரைதான் வீடு. தாய் தந்தையர் ஓய்வுபெறும் காலம் நெருங்கும்போது, வீட்டைக் காப்பதற்காகவே பிள்ளை கொழுந்தெடுக்கப் போகலாமா என்ற பேச்சு எழுகின்றது. இரண்டாண்டுப் படிப்பு என்றால், அவ்விரண்டாண்டும் வருவாய் இல்லை என்றே அக்குடும்பம் கணக்கிடும். ஆகவே கட்டணம் எவ்வளவு என்பதைவிட, பயிலுங்கால் உதவித்தொகை உண்டா என்பதே முதலில் வினவத்தக்கது.

இம்மாணவர் வெறுங்கையராய்த் தொடங்குவதில்லை என்பதை முதலில் கூறவேண்டும். கேரள அரசு 2001இல் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்திட்டம் 2017 முதல் ‘கைட்’ என்னும் நிறுவனமாய் இயங்குகின்றது. அதன் பாடநூல்கள் தமிழிலும் உள. விலைகொடுத்து வாங்கவேண்டாத லினக்ஸ் இயங்குதளத்திலேயே பயிற்சி நடைபெறுகின்றது. உயர்நிலை வகுப்புகளில் பைத்தான் நிரல்மொழியின் தொடக்கமும் கற்பிக்கப்படுகின்றது. பெரிய நகரங்களிலும் பல பள்ளி மாணவர்க்கு வாய்க்காத அடித்தளம் இது. ஆயினும் தேர்வு முடிந்ததும் அதனை மறந்துவிடுவோரே மிகுதி.

பட்டத்தை வேண்டாத வாயில்களில் யாவரும் அறியத்தக்கது ஸோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியாகும். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் நிறுவிய அம்மென்பொருள் நிறுவனம், இருபது ஆண்டுகட்கு முன்னர் ஒரு சில மாணவரைக் கொண்டே இதனைத் தொடங்கிற்று. பன்னிரண்டாம் வகுப்போ பட்டயமோ முடித்தோர் சேரலாம். கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. கணிதம், ஆங்கிலம், நிரல் எழுதுதல் ஆகியவற்றை வகுப்பில் பயின்று, பின்னர் நிறுவனத்திலேயே செய்தொழிற் பயிற்சி பெறுவர். பள்ளி மதிப்பெண்ணைவிட, நுழைவுத்தேர்வில் சிந்திக்கும் ஆற்றலுக்கே அங்கு இடம். தென்காசியிலும் இப்பள்ளி உண்டு.  இடங்களோ குறைவு, போட்டியோ பெரிது. இவ்வொன்றையே நம்பியிருத்தல் தகாது. எச்.சி.எல். நிறுவனமும் ‘டெக்பீ’ என்னும் திட்டத்தின்கீழ், கணிதம் பயின்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரைப் பயிற்றி வேலையில் அமர்த்துகின்றது.

இவற்றைவிட வீட்டிற்கு அண்மையில் உள்ளவை அரசுவழிப் பயிற்சிகள். பத்தாம் வகுப்பு முடித்தோர் ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ என்னும் ஓராண்டுக் கணினிப் பிரிவில் சேரலாம். பாலக்காட்டிலும் நெடுங்கண்டத்திலும் அரசுப் பாலிடெக்னிக்குகள் உள. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றோர் பின்னர் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே நுழைய வழியுண்டு. மத்திய அரசின் ‘நைலிட்’ நடத்தும் ‘ஓ லெவல்’ தேர்வுச் சான்றும் மதிப்புடையது.

எல்லையில் வாழ்வோர்க்கு ஒரு தொல்லை உண்டு. தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்கள் தமிழ்நாட்டிற் பயில்வோர்க்கே உரியவை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி அருகிலிருந்தும், மாணவர் அப்பயனைப் பெறார். சாதிச் சான்றிதழும் மாநிலம் மாறினால் அதே பயனைத் தருவதில்லை. விண்ணப்பிக்கும் முன்னர் எந்த மாநிலத்தாருக்குரியது என்று கேட்டறிதல் நன்று. தனியார் நிறுவன வேலைக்கோ இத்தடை இல்லை: கோயம்புத்தூரில் 2010இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும், கொச்சியின் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கும் இருபுறமும் நிற்கின்றன. மேலும் தமிழும் மலையாளமும் பேசும் நா, வாடிக்கையாளர் குறைதீர்க்கும் பணியில் ஒரு முதலே ஆகும். ஆங்கிலத்தில் பேசும் சரளத்தைவிட, பிழைச்செய்தியைப் படித்துப் பொருள்கொள்ளும் திறனே தொடக்கத்தில் தேவை.

பட்டமில்லாதவர் எதைக் காட்டி நிற்பது? செய்த வேலையைக் காட்டித்தான். சித்தூர்ப் பகுதியில் பால் கூட்டுறவுச் சங்கங்கள் உள. ஊற்றிய பாலின் அளவு, கொழுப்பு விழுக்காடு இவற்றைக் கொண்டு விலை கணக்கிடும் சிறு நிரலை ஒருவர் எழுதலாம். தோட்டத்தார் கொழுந்தின் எடைக்கணக்கை எழுதலாம். ஒருவர் தவறான எண்ணை இட்டால் என்ன ஆகும், மின்சாரம் நின்றால் கணக்கு அழியுமா என்று சோதித்து, அச்சோதனையையும் எழுதி வைத்தல் வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு எளிய நிரல்களைத் தானே எழுதிவிடுகின்றது. அதனால் தொடக்கநிலை வேலைகள் சில சுருங்கக்கூடும். எழுதியது சரியா என்று கண்டறிபவரின் தேவை நீங்கிவிடும் என்று நாம் கருதவில்லை. நிரல் எழுதுதல் ஒன்றே இத்துறையின் வாயிலும் அன்று. மென்பொருளைச் சோதித்தல், வலைப்பின்னலைப் பராமரித்தல், அலுவலகக் கணினிகளைப் பழுதுபார்த்தல் ஆகியனவும் உள.

வேலை உறுதி என்று கூறி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை வேண்டும். ஒழுங்கான நிறுவனம் எதுவும் நேர்முகத் தேர்வுக்குப் பணம் வாங்காது.

பட்டம் அறவே தேவையில்லை என்று கூறுவோரை நாம் ஒப்புவதற்கில்லை. அரசுப் பணிகள் பலவற்றிற்கும், சில நிறுவனங்களில் பதவி உயர்விற்கும் அது கேட்கப்படுகின்றது. ஆனால் அதனை முதலிலேயே பெறவேண்டும் என்பதில்லை; இக்னோ பல்கலைக்கழகத்தின் பி.சி.ஏ. படிப்பை வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழிப் பயிலலாம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பின் மூலச் சான்றிதழ் வேண்டும். வேலையில் சேரும்போது அதனைப் பிணையாகக் கேட்கும் இடங்களும் உள்ளன. படி கொடுத்து, மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்க.