606 டாலரில் முதல் ஆல்பம்: நிர்வானா பேண்ட் மேலே வந்தது எப்படி?

கையில் காசு இல்லை, சினிமா வாய்ப்பும் இல்லை. அப்போ ஒரு ராக் பேண்ட் எப்படித்தான் வெளியே தெரியும்? நிர்வானா கதையைப் பார்த்தால் புரியும்.

1987-ல் அமெரிக்காவின் அபர்டீன் என்ற சின்ன ஊரில் கர்ட் கோபேனும் கிறிஸ்ட் நோவோசெலிக்கும் சேர்ந்து தொடங்கிய குழு இது.

முதல் படி என்ன?

டெமோ டேப்தான். 1988 ஜனவரியில் சியாட்டிலில் ஒரே நாளில் 10 பாடல்களைப் பதிவு செய்தார்கள். பதிவு செய்த ஜாக் என்டினோவுக்கு அது பிடித்துப்போனது. சப் பாப் என்ற உள்ளூர் லேபிளிடம் டேப்பைக் கொடுத்தார்.

உடனே ஆல்பம் வந்ததா?

இல்லை. முதலில் ஒரே ஒரு சிங்கிள், அதுவும் சுமார் 1,000 பிரதிகள்தான். 1989-ல்தான் 'ப்ளீச்' ஆல்பம் வந்தது. ரெக்கார்டிங் செலவு 606 டாலர். அதைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். ஆல்பத்தில் அவர் வாசிக்கவே இல்லை. ஆனாலும் நன்றிக்காக கிடாரிஸ்ட் என்று அட்டையில் பெயர் போட்டார்கள்.

பெரிய கம்பெனி எப்போது?

வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்த பிறகுதான். 1991-ல் வந்த 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சன் ஆல்பத்தையே பின்னுக்குத் தள்ளி பில்போர்டில் முதலிடம் பிடித்தது.

ஆக, டெமோ, சின்ன லேபிள், ஓயாத மேடைகள். இதுதான் வரிசை. பெரிய கம்பெனி கடைசியில்தான் வந்தது.