நாய் நின்றால் நீங்களும் நில்லுங்கள்

"எங்கள் ராஜபாளையம் நாயைக் காலையில் தோட்டத்துக்கு நடத்திக் கூட்டிப் போனால் பத்தடிக்கு ஒரு தரம் நின்று தரையை மோந்துகொண்டே இருக்கிறது. சங்கிலியைப் பிடித்து இழுத்தாலும் நகர்வதில்லை. இதை எப்படி மாற்றுவது?" என்று சிவகங்கைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மாற்ற வேண்டாம். நிற்க விடுங்கள்.

நாம் கண்ணால் தெரிந்துகொள்வதை நாய் மூக்கால் தெரிந்துகொள்கிறது. நம் மூக்கில் வாசனை அறியும் செல்கள் 50, 60 லட்சம்தான். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடி முதல் 30 கோடி வரை உண்டு. அது விடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போய்விடுவதால் புதுக்காற்றை இழுப்பது தடைப்படுவதில்லை. வரப்புப் புல்லில் ராத்திரி எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா, கீரி போனதா, பெருச்சாளி போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். பகல் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய்க்கு இந்த அரைமணி நேரம்தான் வெளியுலகம். அதிலும் தரதரவென்று இழுத்துப் போனால், வீட்டுக்கு வந்து குரைக்கும், குழி பறிக்கும். மோந்தபடி மெதுவாக நடந்த நாய் வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடும்.

நானும் இழுத்தவன்தான். நிலக்கடலை காய் பிடித்திருந்த நேரம். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போவேன், நாயும் கூட வரும். இரண்டு நாள் தொடர்ந்து தெற்கு வரப்பு மூலையில் நின்று மோந்து உறுமியது. கரண்ட் போய்விடுமே என்ற அவசரத்தில் இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால் அந்த மூலையில் காட்டுப்பன்றி கால் ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் பன்றியைத் தடுக்க யோசனை சொல்பவன், சொந்த நாய் சொன்னதைக் கேட்கவில்லை. வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

குட்டைச் சங்கிலியைவிட ஆறடிக் கயிறு நல்லது. கழுத்துப் பட்டையைவிட நெஞ்சுப் பட்டை நல்லது. மயிர் சிலிர்த்துப் பின்வாங்கினால் அங்கே பாம்பு இருக்கலாம்; கிட்டே போகாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மருந்து தெளித்த வயலிலும் எலி விஷம் வைத்த இடத்திலும் மட்டும் மோக்க விடாதீர்கள். துத்தநாக பாஸ்பைடைப் பொரியிலும் எண்ணெயிலும் கலந்து வைக்கிறோம், அந்த வாசனை நாயையும் இழுக்கும். செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

மோக்காமல் சும்மா நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் விஷயம் வேறு. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். வெறிநோய் ஊசி போட்டு ஓராண்டு ஆகியிருந்தால், நாய் உடம்பு தேறியதும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடலாம்.