சாய்ஞ்ச கோபுரமும் எங்க அப்பாவோட தூக்குக்குண்டும்!

ரோம் ஏர்போர்ட்டுல இறங்கினதும் எங்க அப்பா கேட்ட முதல் கேள்வி: ''இங்க ஒரு மூட்டை சிமென்ட் என்ன விலைடா?''

சிரிக்காதீங்க பாஸ். அப்பா துறையூர்ல மேஸ்திரி. முப்பது வருஷமா வீடு கட்டுறவர். நான் சிவில் இன்ஜினீயரிங் தேர்ட் இயர், கையில சாயில் மெக்கானிக்ஸ் அரியர் ஒண்ணு. அம்மாவையும் சேர்த்து நாங்க மூணு பேரும் போன ஜூன்ல ஒன்பது நாள் இத்தாலி போனோம். 'இத்தாலியா? லாட்டரி அடிச்சுதா மச்சி?'னு கேக்குறீங்களா? லாட்டரி எல்லாம் இல்லை. அக்காவோட சம்பளம்!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். மூணு வருஷம் முன்னாடி, அப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வெச்சிருந்த நேரத்துல, அக்கா ஸ்காலர்ஷிப்போட மாஸ்டர்ஸ் படிக்க டூரினுக்கு ஃப்ளைட் ஏறினா. ''போறதுன்னா போ''ன்னார் அப்பா. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ போன் பண்ணுவா. அப்பா ''சாப்ட்டியா?''ன்னு ஒரே கேள்வி கேப்பார், போனை அம்மாகிட்ட குடுத்துடுவார். அம்மா அக்கா போன அன்னிக்கு 'அவ நல்லபடியா படிச்சு முடிக்கணும்'னு வேண்டிக்கிட்டு கவுச்சியை விட்டவங்கதான், முட்டை கூட கிடையாது. அவ படிச்சு முடிச்சு வேலையில சேர்ந்த பிறகும் அவங்க திரும்பத் தொடலை.

'சைட்ல வேலை கிடக்கு, நான் வரலை'ன்னு முறுக்கிக்கிட்டு இருந்த அப்பாவை விசா இன்டர்வியூ வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனது தனிக்கதை. ஏர்போர்ட்டுல அக்கா கட்டிப்பிடிச்சப்போ கூட, ''இளைச்சுட்டியே''ங்கிறதோட நிறுத்திக்கிட்டார்.

ரோம்ல முதல் நாளே அம்மாவுக்கு சோதனை. மெனு கார்டுல ஏதோ ஒரு பூ படம். சுக்கினிங்கிற பூசணி இனத்தோட பூவை மாவுல தோய்ச்சுப் பொரிக்கிற ஐட்டம். ''அட, நம்ம பூசணிப்பூ பஜ்ஜி!''ன்னு சந்தோஷமா எடுத்தவங்க, வாய்கிட்ட கொண்டு போய் மோந்து பார்த்துட்டு அப்படியே வெச்சுட்டாங்க. உள்ளே சீஸோட நெத்திலி மீன்! ரோம்ல அதை அப்படித்தான் செய்வாங்களாம்.

சைவ நண்பர்களே, இன்னொரு குண்டும் இருக்கு. பர்மிசான்னு நாம சொல்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் இருக்குல்ல, பாலை உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னெட்டைத்தான் அதுல சேர்ப்பாங்க. சட்டப்படியே அப்படித்தான் செய்யணும். அக்கா இதைச் சொன்னதும் அம்மா பாஸ்தா தட்டைத் தள்ளி வெச்சிட்டாங்க. அப்புறம் காப்பாத்தினது 'மரினாரா' பீட்சா. தக்காளி, பூண்டு, ஆரிகானோ, ஆலிவ் ஆயில், அவ்ளோதான். சீஸே கிடையாது. மூணு நாள் அதுதான். ''காரம் இல்லாத தக்காளித் தொக்கு தடவின சப்பாத்தி''ன்னு அம்மா சர்டிஃபிகேட் குடுத்தாங்க.

பில்லுல 'கோபெர்த்தோ'ன்னு ஒரு வரி இருக்கும். தலைக்கு ஒண்ணு ரெண்டு யூரோ. நீங்க உட்கார்ந்ததுக்கும், பக்கத்துல வெச்ச ரொட்டிக்கும்தான் அது. ஏமாத்துறாங்கன்னு சண்டை போடாதீங்க, நான் போட்டு அசிங்கப்பட்டேன். காபியை கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டே குடிச்சா காசு கம்மி. தண்ணி பாட்டிலே வாங்க வேண்டாம், ரோம் தெருவெல்லாம் இரும்புக் குழாய்ல சில்லுனு குடிதண்ணி ஓசியில ஊத்திக்கிட்டே இருக்கு.

கொலோசியத்தை அப்பா அரைமணி நேரத்துல முடிச்சிட்டார். ட்ரெவி ஃபவுன்டன்ல காசு போடுறதைப் பார்த்து முறைச்சார். அவரை நிறுத்தினது பேந்தியன்.

கி.பி. 126 வாக்குல கட்டி முடிச்ச கோயில். மேல 43 மீட்டர் அகலத்துக்கு ஒரே கான்கிரீட் டோம். உச்சியில எட்டு மீட்டருக்கு மேல திறந்தவெளி ஓட்டை. மழை உள்ளேயே பெய்யும், தரையில இருக்கிற சின்னச் சின்னத் துவாரம் வழியா வடிஞ்சு போயிடும். அண்ணாந்து பார்த்த அப்பா கேட்டார்: ''கம்பி எங்கடா?''

''கம்பியே இல்லைப்பா'' என்றேன். இந்தக் கேள்விக்காவது எனக்கு விடை தெரிஞ்சதே! சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த கலவை. கீழே கனமான ஜல்லி, மேலே போகப் போக லேசான கல், உச்சியில நுரைக்கல். கனமும் அடியில ஆறு மீட்டருக்கு மேல இருந்து உச்சியில ஒரு மீட்டர் சொச்சமா குறைஞ்சுடும். கம்பி போடாத கான்கிரீட் டோம்னு எடுத்துக்கிட்டா, உலகத்துல இன்னிக்கும் இதுதான் பெரிசு. அப்பா அரைமணி நேரம் நகரவே இல்லை. செக்யூரிட்டி சந்தேகமா பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

அங்கேயிருந்து ஃப்ளோரன்ஸ். ரயில்ல ஒண்ணரை மணி நேரம். இங்கதான் மேட்டரே.

ஃப்ளோரன்ஸ் கதீட்ரலோட சிவப்பு டோமை போட்டோவுல பார்த்திருப்பீங்க. உச்சிக்குப் போக 463 படி. லிஃப்ட் கிடையாது, முன்கூட்டியே டைம் ஸ்லாட் புக் பண்ணியே ஆகணும். அப்பாவுக்கு முட்டிவலி. ''நீங்க கீழேயே இருங்கப்பா''ன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போது அக்கா வாயை விட்டா: ''இதை சென்ட்ரிங் போடாமலே கட்டினாங்கப்பா.''

''அதெப்படி முடியும்?''னு கேட்டுக்கிட்டே அப்பா முதல் படியில கால் வெச்சிட்டார்.

படி ஏறுறது டோமோட ரெண்டு சுவருக்கு நடுவுல. ஆமா, உள்ளே ஒரு ஓடு, வெளியே ஒரு ஓடு, இடையில நாம. ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் போக முடியும். முன்னால அப்பா, பின்னால அக்கா, அதுக்குப் பின்னால மூச்சு வாங்கிக்கிட்டு நான். அம்மா கீழே உட்கார்ந்து புறாவுக்கு ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்க. பாதியில அப்பா நின்னுட்டார். பின்னால வந்த கூட்டம் 'ஸ்கூஸி, ஸ்கூஸி'ங்குது. முட்டி வலிக்குதுன்னுதான் நான் நினைச்சேன். அவர் சுவரைத் தடவிக்கிட்டு இருந்தார்.

''பாப்பா, இங்க பாரு. படுத்த செங்கல்லுக்கு நடுநடுவே ஒரு செங்கல் நிக்குது பாரு. அதுதான் மத்ததை வழுக்க விடாம பிடிச்சுக்குது. அதான் சென்ட்ரிங் வேணாம்னுட்டான்.''

ஹெர்ரிங்போன் பேட்டர்ன்னு புத்தகத்துல ஒரு பக்கத்துக்குப் படிச்ச விஷயத்தை அவர் தடவியே கண்டுபிடிச்சுட்டார். மூணு வருஷத்துக்கு அப்புறம் அக்காவை 'பாப்பா'ன்னு கூப்பிட்டதை அவர் கவனிச்சாரான்னு தெரியலை. அக்கா கவனிச்சா.

''கட்டினவன் எந்த காலேஜ்ல படிச்சான்?''

''புருனெலெஸ்கின்னு பேரு. தங்க வேலை பழகினவர்ப்பா. 1420-ல ஆரம்பிச்சு 1436-ல டோமை முடிச்சாரு. அவரை இந்தக் கோயிலுக்குள்ளேயேதான் புதைச்சிருக்காங்க.''

அப்பா சிரிச்சார். மேலே போனதும் ஊரையே பார்க்காம, ''ஆமா, நீ இங்க என்னதான் வேலை பார்க்குறே?''ன்னு கேட்டார். மூணு வருஷமா கேட்காத கேள்வி!

அக்கா சொன்னா. 2018 ஆகஸ்ட் 14-ம் தேதி ஜெனோவாவுல மொராந்தி பாலம் இடிஞ்சு 43 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் பழைய பாலங்களைக் கண்காணிக்கிற வேலை இங்க சூடு பிடிச்சது. பாலத்துல சென்சார் மாட்டி, அது எவ்வளவு அசையுது, எவ்வளவு சாயுதுன்னு பார்க்கிற டீம்ல இவ இருக்கா.

''அப்ப நீயும் தூக்குக்குண்டு பிடிக்கிற வேலைதான் பார்க்குறே'' என்றார் அப்பா. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. காத்துல கண்ணுல தூசி விழுந்துடுச்சாம்!

மறுநாள் பீசா. லோக்கல் ரயில்ல டிக்கெட்டை பிளாட்பாரத்து மெஷின்ல குத்திட்டு ஏறணும். எல்லாரும் குத்தினாங்க, நான் மட்டும் வேடிக்கை பார்த்துட்டு ஏறி ஃபைன் கட்டினேன். நீங்க மறக்காதீங்க.

சாய்ஞ்ச கோபுரத்தைக் கையால தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஆயிரம் பேர் போஸ் குடுத்துக்கிட்டு இருக்காங்க. எங்க அப்பா என்ன பண்ணார் தெரியுமா? அம்மாவோட தையல் நூல்ல வீட்டுச் சாவியைக் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கோபுரத்துக்கு நேரா தொங்கவிட்டார். நாலு ஜப்பான்காரங்க அவரைப் போட்டோ எடுத்தாங்க!

இந்த இடத்துல என் அரியர் பேப்பரே எழுந்து நின்னுச்சு. 1173-ல ஆரம்பிச்சாங்க. அடியில மெத்து மெத்துன்னு களிமண். மூணாவது மாடிக்கே சாய ஆரம்பிச்சுடுச்சு. நடுவுல சண்டை சச்சரவுல வேலை வருஷக்கணக்கா நின்னு போனதுதான் அதிர்ஷ்டம், அந்த இடைவெளியில மண் இறுகிக்கிட்டதால கோபுரம் பிழைச்சது. 1990-ல பயந்து போய் மூடினாங்க. அப்புறம் சாயாத பக்கத்துல, அதாவது வடக்குப் பக்கத்துல, அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி எடுத்தாங்க. கோபுரம் அந்தப் பக்கம் லேசா உட்கார்ந்து, அஞ்சரை டிகிரி சாய்வு சுமார் நாலா குறைஞ்சுது. 2001 டிசம்பர்ல திறந்தாங்க.

''முழுசா நிமிர்த்தியிருக்கலாமே?''ன்னாங்க அம்மா. ''நிமிர்த்தினா எவன் வருவான்?''ன்னார் அப்பா.

அன்னிக்கு சாயங்காலம் அம்மாவுக்கும் விடிவுகாலம் பிறந்தது. 'செச்சினா'ன்னு ஒரு ஐட்டம். கடலைமாவு, தண்ணி, உப்பு, ஆலிவ் ஆயில், பெரிய தட்டுல ஊத்தி அடுப்புல சுடுறாங்க, மேலே மிளகுத்தூள். வாயில போட்ட அம்மா, ''அடப்பாவிங்களா, அடை!''ன்னாங்க. மூணு துண்டு சாப்பிட்டாங்க. டூரின்லயும் 'ஃபரினாத்தா'ங்கிற பேருல இதே அடை கிடைக்கும்னு தெரிஞ்சதும், அக்காவைப் பத்தின அவங்க பாதிக் கவலை தீர்ந்துடுச்சு.

மீதிப் பாதி கல்யாணம். கடைசி ரெண்டு நாள் டூரின்ல அக்காவோட சின்ன ரூம்ல தங்கினோம். அம்மா பேச்சை எடுத்தாங்க. ''அவளா சொல்லட்டும்''னு அப்பா ஒரே வார்த்தையில முடிச்சிட்டு, பாத்ரூம் சுவர்ல ஈரம் இறங்குதுன்னு காட்டப் போயிட்டார்.

இப்பவும் ஞாயித்துக்கிழமை போன் வருது. போனை அப்பா கொடுக்க மாட்டேங்கிறார். பாலம், விரிசல், சென்சார்னு முக்கால் மணி நேரம் ஓடுது. ''எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்''னு அம்மா பக்கத்துல நிக்கிறாங்க.

சாயில் மெக்கானிக்ஸ் மறுபடியும் எழுதிட்டேன். ரிசல்ட் இன்னும் வரலை.