அந்த அரைமணிக்கு ஒரு புத்தகம்

அடுப்படி வேலை ஓய்ந்து, குழந்தைகளும் தூங்கிய பிறகு உங்களுக்கென்று எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது? அரைமணி இருக்குமா? அந்த அரைமணியில் மனத்துக்கு ஒட்டாத புத்தகம் கையில் அகப்பட்டால், மறுநாள் அதைத் தொடத் தோன்றுமா? இப்படி இரண்டு தடவை ஏமாந்தால் போதும், படிக்கும் பழக்கமே விட்டுப்போய்விடும்.

இந்தச் சங்கடத்தை நன்றாக உணர்ந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக் கழகத்தில் நூலகராக இருந்தவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர் என்பவை வேறு இரண்டு. நம் கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்கள் மனம் வைத்தால் இந்த மூன்றையும் நடத்திக் காட்டலாம். எப்படி என்கிறீர்களா?

"நல்ல புத்தகம், படியுங்கள்" என்று மொட்டையாகச் சிபாரிசு செய்யாமல், யாருக்கு, எதற்காக என்று சேர்த்துச் சொன்னால் போதும். வட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லக்கூடியவை இதோ:

தொடர்கதை படித்தே வளர்ந்த பாட்டியம்மாளுக்கு, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. மகாவித்துவான் எழுதியதாயிற்றே என்று பயப்பட வேண்டாம். சின்னச் சின்ன அத்தியாயங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு, அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னைத் தெரு ஒன்றில் தண்ணீர்ப் பஞ்சம். அதற்கு நடுவே ஜமுனா, சாயா என்ற இரு சகோதரிகளின் வாழ்க்கைப் பாடு. சிறிய நாவல்தான், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

வீட்டைப் போட்டுவிட்டு எங்கே போவது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு, ராஜம் கிருஷ்ணன். 'குறிஞ்சித் தேன்' நீலகிரியின் படகர் குடும்பங்களோடு நம்மைப் பழக வைக்கும். 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளங்களுக்கு அழைத்துப் போகும். அதைப் படித்த பின், குழம்புக்கு உப்பு எடுக்கும் கை ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்யும்.

கூடிப் பேச விரும்புகிறவர்களுக்கு, ஜெயகாந்தன். ஆனால் ஒரு நிபந்தனை: 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை முதலில் படிக்க வேண்டும். 1966-ல் வெளிவந்த கதை. மழையில் யாரோ ஒருவன் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்து நிற்கும் மகளைத் தாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். விஷயத்தை வெளியிலும் விடவில்லை. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைக் கையில் எடுங்கள். அங்கே தாய் கூச்சல் போட்டுவிடுகிறாள். பெண்ணின் வாழ்க்கையே வேறு திசையில் போய்விடுகிறது. 1972-ல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற நாவல் இது. 'அந்தத் தாயின் இடத்தில் நானிருந்தால்?' என்று ஒவ்வொருவரும் மனத்தைத் தொட்டுச் சொல்லிப் பாருங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் இன்னும் விசேஷம்!

1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டி வருகிறோம். புத்தகங்கள் நம் பணத்தில் வாங்கியவைதாம். கேட்பாரில்லாமல் அவை தூசி படிந்து கிடப்பானேன்?

அடுத்த தடவை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, பக்கத்தில் நிற்கும் சகோதரியிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்: இது யாருக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று. அவருடைய அரைமணியாவது வீணாகாமல் இருக்கட்டும். நாளைக்கு அவரும் உங்களுக்கு ஒன்று சொல்லாமலா இருக்கப்போகிறார்?